மதிகேடன் யார்? வடசென்னை வரலாற்றில் நாத்திகமும் சூனியவாதமும்

நாத்திகத்தைக் கண்டிக்க நம் பிரசங்க பீடங்களில் பெரிதும் எடுத்தாளப்படுவது 14ஆம் சங்கீதம். இறைவனை மறுப்பவனை அது மதிகேடன் என்கிறது. ஆயின் அம்மறுப்பு நாவில் அன்று, இருதயத்தில் நிகழ்வதாகவே சங்கீதக்காரர் கூறுகிறார். மக்களை உணவைப் போல் விழுங்குவதை அதன் அடையாளமாகவும் காட்டுகிறார். இப்பிற்பகுதியை நாம் அரிதாகவே விளக்குகிறோம். வடசென்னையின் வரலாற்றில் ஒரு சில ஆண்டுகள் அதனை நமக்குக் கற்பிக்கின்றன.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மாண்டோர் 50 இலட்சத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. பட்டினியால் வாடியோர் திரள் திரளாய்ச் சென்னைக்கு வந்தனர். அவ்வேளையில் கப்பல்களில் வந்திறங்கிய தானிய மூட்டைகள் கடற்கரையில் குவிந்து கிடந்தன. 1856இல் இராயபுரத்திலிருந்து தொடங்கிய இருப்புப்பாதை தானியத்தை உள்நாட்டுக்குச் சுமந்து சென்றது. விலையோ ஏழைக்கு எட்டவில்லை. தனியார் வணிகத்தில் தலையிடலாகாது என்பது அரசின் கோட்பாடு. 1877இல் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதுமெனக் கூலியைக் குறைத்தார். உயிர் தாங்க அது போதாதென்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களுக்குப் பின்னரே கூலி உயர்ந்தது. இக்கணக்கை வகுத்தோர் நாவினால் இறைவனை மறுத்தவர் அல்லர்.

பஞ்சம் ஓய்ந்த 1878ஆம் ஆண்டிலேயே, பின்னர் சென்னை இலௌகிக சங்கம் என்று அறியப்பட்ட சுயசிந்தனையாளர் சங்கம் தோன்றியது. பஞ்சமே அதற்குக் காரணம் என்று நாம் துணியோம். இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா நடத்திய இயக்கத்தின் தாக்கம் அதில் வெளிப்படை. 1882 முதல் 1888 வரை வெளிவந்த அதன் ‘தத்துவ விவேசினி’ இதழ், புராணங்களையும் சாதி வேற்றுமையையும் பாலிய விவாகத்தையும் சாடியது. கிறிஸ்தவ உபதேசத்தையும் விட்டுவைக்கவில்லை. அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் அவ்வட்டத்தின் முதன்மையான எழுத்தாளர்களுள் ஒருவர். இவர்கள் இறைவனை மறுத்தனர். ஆனால் உண்மையையும் நீதியையும் மறுக்கவில்லை. எனவே இவர்களைச் சூனியவாதிகள் என்பது பொருந்தாது.

சூனியவாதம் என்பது வேறு. உண்மைக்கும் நன்மைக்கும் வாழ்வின் பொருளுக்கும் எந்த அடிப்படையும் இல்லை என்னும் நிலை அது. விவேசினி தொடங்கிய அதே 1882இல் ஜெர்மானியத் தத்துவஞானி நீட்சே வெளியிட்ட நூலில், பித்தன் ஒருவன் கடைத்தெருவில் நின்று இறைவன் இறந்ததாக அறிவிக்கிறான். அவனைக் கண்டு நகைப்போர் விசுவாசிகள் அல்லர், அவிசுவாசிகளே. இறைவனை இழந்தபின் நன்மை தீமை எதன்மேல் நிற்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே பித்தனின் குற்றச்சாட்டு. அக்கேள்வி நம் சென்னைச் சிந்தனையாளருக்கும் உரியது. மனிதன் விலையேறப்பெற்றவன் என்று அவர்கள் நம்பினர். ஏன் என்பதற்குரிய வேரை வெட்டினர். இறைச்சாயலில் படைக்கப்பட்டவன் என்னும் திருமறைப் போதனையின்றி அம்மதிப்பு நெடுநாள் நிலைக்காது என்பதே நம் துணிபு.

எனினும் அவ்வேரைத் தம்மிடம் வைத்திருந்தோர் கனி கொடுத்தனரா? மனித உயிரை ஒரு பவுண்டு தானியத்தால் அளந்த ஆட்சி, எந்தத் தத்துவ நூலையும் கற்காமலே சூனியவாதத்தைச் செயலில் காட்டிற்று. இராயபுரத்தை அடுத்த மணியக்காரர் சத்திரமோ 1782இல் பஞ்சத்தில் அடிபட்டோருக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கி, ‘கஞ்சித்தொட்டி’ என்றே மக்கள் நாவில் நிலைத்தது. விலை கேளாமல் வார்த்த அக்கஞ்சி, மனிதனுக்கு விலையில்லை என்பதை அறிக்கையிட்டது.

இவ்வெச்சரிப்பு கடந்த நூற்றாண்டுகளுக்கு மட்டும் உரியதன்று. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, படகும் வலையும் கறுத்த மீனவர்கள் வாளிகளைக் கொண்டே அதனை அள்ள நேர்ந்தது. அங்கே ஊழியஞ்செய்யும் ஆயர் நீட்சேயை மறுத்துரைப்பது நன்று; கற்று மறுப்பது அதனினும் நன்று. ஆனால் 14ஆம் சங்கீதத்தைப் பாதியில் நிறுத்தலாகாது. நாவின் மறுப்புக்கு விடையளிக்கும் திருச்சபை, இருதயத்தின் மறுப்பைத் தன் ஆலயத்துக்குள்ளும் தேடிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறது.