பாதிப் பணம் பெற்றுத் தந்த பல்கலைக்கழகம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிரெஞ்சு பேசுவோர் 6 லட்சத்துக்கும் மேல். பள்ளியில் பிரெஞ்சுவழிக் கல்வியை ஒடுக்க 1912-ல் மாகாண அரசு போட்ட '17-ஆம் விதி'யை எதிர்த்து, 1927 வரை போராடிய சமூகம் அது. 1982-ன் உரிமைச் சாசனம், 23-ஆம் பிரிவில், சிறுபான்மை மொழியில் பள்ளிக்கல்வி பெறும் உரிமையை உறுதி செய்தது. ஆனால் பல்கலைக்கழகம் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை. அதனால் பள்ளி முடித்தவர்கள் பெரும்பாலும் ஒட்டாவா, லாரன்ஷியன் போன்ற இருமொழிப் பல்கலைக்கழகங்களை நாடினார்கள். தங்கள் நிர்வாகத்தில் தங்களுக்கென ஒன்று வேண்டும் என்ற மாணவர்களின் கோரிக்கை வலுத்தது.

2017 டிசம்பரில் அத்தகைய பல்கலைக்கழகத்தை அமைக்கும் மாகாணச் சட்டம் நிறைவேறியது. கனடாவின் முன்னாள் ஆட்சிமொழி ஆணையர் டியான் ஆடம் திட்டப் பணிக்குத் தலைமை ஏற்றிருந்தார். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. 2018 நவம்பர் 15 அன்று, பற்றாக்குறையைக் காரணம் காட்டி, டக் ஃபோர்டு தலைமையிலான புதிய மாகாண அரசு திட்டத்தைக் கைவிட்டது. பிரெஞ்சு மொழிச் சேவை ஆணையர் அலுவலகத்தையும் மூடப்போவதாகச் சொன்னது.

இரண்டும் ஒரே நாளில் வந்ததுதான் வினையாயிற்று. டிசம்பர் 1 அன்று சுமார் 40 ஊர்களில் மக்கள் தங்கள் சமூகத்தின் பச்சை வெள்ளைக் கொடியோடு தெருவில் இறங்கினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஆளுங்கட்சி உறுப்பினர் அமாண்டா சிமார் கட்சியை விட்டு விலகியிருந்தார். அப்போதும் பல்கலைக்கழக விஷயத்தில் மாகாணம் இறங்கி வரவில்லை.

முடிச்சை அவிழ்த்தது, யார் எப்போது பணம் கட்டுவது என்ற ஏற்பாடு. கல்வி மாகாணத்தின் அதிகாரம். கூட்டாட்சி அரசு தனியாகப் பல்கலைக்கழகம் தொடங்க முடியாது, செலவில் பங்கேற்கலாம். 2019 செப்டம்பரில், கூட்டாட்சித் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, இரு அரசுகளும் இணங்கின. எட்டு ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர், ஆளுக்குப் பாதி. முதல் நான்கு ஆண்டுச் செலவு கூட்டாட்சி அரசுக்கு, பின் நான்கு மாகாணத்துக்கு. கையில் காசில்லை என்ற மாகாணத்துக்கு உடனே ஒரு டாலரும் எடுத்துவைக்க வேண்டியிருக்கவில்லை. 2020 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

2021-ல் டொராண்டோவில் முதல் இளநிலை வகுப்புகள் தொடங்கின, சேர்ந்தவர்கள் குறைவு. பிரெஞ்சுவழிப் பள்ளி மூடப்பட்டால் பெற்றோர் சாசனத்தோடு நீதிமன்றம் போகலாம். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. எட்டு ஆண்டு முடிந்தபின் அது நிலைக்குமா என்பதை மாணவர் சேர்க்கையும் அன்றைய அரசின் மனமும்தான் முடிவு செய்யும்.