17 பேரும் ஒரு கணக்கும்

1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளராகப் பதிவானோர் 17 பேர் மாத்திரமே. 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறிகொடுத்த நாடு இது. சூரியமல் இயக்கத் தோழர்கள் நிவாரணம் சுமந்து ஊர் ஊராக அலைந்த நாடு. 17 என்ற எண் அங்கே வெற்றி முரசாக ஒலித்ததில் வியப்பில்லை. மருந்து தெளிப்பு நிறுத்தப்பட்டது, காவல் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று.

அந்த 17ஐ நாம் இன்னொரு கோணத்திலும் நோக்கலாம். குருதித் துளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி நுணுக்குக்காட்டியில் ஆராய்வதே அந்நாளைய சோதனை. அதற்கு மாற்றாகப் புதிய சோதனையொன்று வந்து, அந்த 17 பேரையும் தவறாமல் காட்டிக்கொடுத்ததெனக் கொள்வோம். பழுதற்ற சோதனை என்று பறைசாற்றலாமா? பத்து நோயாளருள் ஒருவரைத் தவறவிடும் சோதனையை எடுத்துக்கொள்க. 0.9ஐ 17 தடவை பெருக்கினால் ஏறத்தாழ 0.17 வரும். அதாவது, அக்குறையுள்ள சோதனையும் ஆறில் ஒரு தடவை 'முழு வெற்றி' பெற்றுவிடும்! மாணவர்கள் கரும்பலகையிலேயே இதைச் சரிபார்க்கலாம்.

நோயுற்றோரைக் கண்டுபிடிக்கும் திறனையும் நோயற்றோரை விடுவிக்கும் திறனையும் வெவ்வேறாக அளக்க வேண்டுமென 1947இல் யெருசல்மி என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். நோய் எத்துணைப் பரவியுள்ளது என்பதையும் மாதிரித் தொகைக் கணக்கிற் சேர்த்து, 1996இல் புடரர் என்பவர் சூத்திரம் தந்தார். முதலாவது திறன் 90 விழுக்காடென எதிர்பார்த்து, அதை இருபுறமும் 5 விழுக்காட்டுக்குள், 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு அறிய 139 நோயாளர் வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பேர் நோயுற்ற ஊரில் அவர்களைத் திரட்ட 1,390 பேரைச் சோதிக்க வேண்டும். நூற்றுக்கு ஒருவரே நோயுற்ற ஊரிலோ 13,900 பேரை! இதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். இருபது பேரைச் சோதித்துவிட்டு 'நூறு விழுக்காடு' என்று அச்சிடுவது வியாபாரிக்கு மலிவு.

2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வாண்டு முடியுமுன்பே, நகர்ப்புறத்தில் மலேரியாவைப் பரப்பவல்ல அனோபிலிஸ் ஸ்டீபென்சி நுளம்பு மன்னாரில் அகப்பட்டது. பின்னர் நமது குடாநாட்டிலும் காணப்பட்டது. கிணறும் நீர்த்தொட்டியும் அதன் வாழிடம். வற்றாத ஆறொன்றில்லாத நமக்கோ கிணறே வாழ்வு. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு திரும்பும் ஒருவரைச் சோதனை தவறவிடுமானால் விளைவு நம் முற்றத்திலேயே தொடங்கலாம். அச்சோதனையின் திறனை அளக்க 139 நோயாளரை இங்கே திரட்ட இயலாது. இந்தியாவிலோ ஆபிரிக்காவிலோ நோயுற்றுக் கிடக்கும் ஏழைகளின் குருதியிலிருந்தே அக்கணக்கு வரவேண்டியிருக்கிறது.