ஆடிய நிலமும் இடிந்த வீடும்

ரமணாசிரமத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் போன வாரம் ஒரு பிரெஞ்சுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இப்படி யாராவது கிடைத்தால் விடமாட்டேன். அவர் மலையைக் காட்டி, "இவ்வளவு பழைய பாறை! இங்கே பூகம்பம் வராது" என்றார். தக்காணத்தைப் பற்றியும் அப்படித்தான் நினைத்திருந்தோம் என்றேன்.

1993 செப்டம்பர் 30. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கத்தில் விநாயகரைக் கரைத்துவிட்டு ஜனங்கள் தூங்கப் போயிருந்தார்கள். விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன் நிலம் ஆடியது. அளவு 6.2தான். இறந்தவர்கள் சுமார் 10,000 பேர். கில்லாரி கிராமமே தரைமட்டம். எங்கள் அலுவலகத்தில் நிவாரணத்துக்காக ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள். அந்தப் பட்டியலை டைப் அடித்தவன் நான்.

உயிரைக் குடித்தவை வீடுகள்தான். மண் சாந்தில் கல்லை அடுக்கிய தடிச்சுவர். அதன்மேல் வெயிலுக்காக மண் கொட்டிய கனத்த கூரை. சுவர் சரிந்ததும் கூரை அப்படியே தூங்கியவர்கள்மேல் இறங்கிவிட்டது. மாற்றிக் கட்டப் பெரும்பாலோரிடம் காசில்லை.

2010 ஜனவரி 12-ல் ஹைட்டித் தீவு நாட்டில் 7.0 அளவில் பூகம்பம். இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த நாட்டு அரசாங்கத்தின் கணக்கு மூன்று லட்சத்தைத் தாண்டியது. ஆறே வாரத்தில் சிலியில் 8.8. அங்கே இறந்தவர்கள் சுமார் 500 பேர். சிலியில் கட்டட விதிகளும் இருந்தன, அதன்படி கட்டப் பணமும் இருந்தது.

ஹைட்டி ஏன் ஏழையானது? அங்கிருந்த அடிமைகள் பிரெஞ்சுப் படையை விரட்டி 1804-ல் விடுதலை பெற்றார்கள். 1825-ல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய தோட்ட முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டார். பிறகு அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட வாங்கிய கடன் தீர்ந்தது 1947-ல். நமக்குச் சுதந்திரம் வந்த வருஷம்! பள்ளியில் 1789 புரட்சியை மனப்பாடமாக ஒப்பித்தேன். இதை யாரும் சொல்லித்தரவில்லை. டீக்கடை நண்பருக்கும் அப்படித்தானாம்.

அதிகமாக வறுமைக்கு எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. மோசமான கட்டுமானத்துக்கும், அதைக் கண்டுகொள்ளாத நிர்வாகத்துக்கும் பங்குண்டு. கிரிவலப் பாதையில் மாடிமேல் மாடி எழும்புகிறது. என் மகனும் இன்னொரு மாடி கட்டக் கேட்கிறான். முதலில் இன்ஜினீயரைக் கூட்டிவந்து அஸ்திவாரத்தைக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன்.