ஓர் அறுவடை ஓவியமும் எங்கள் களவெட்டியும்

எமது நூற்றாண்டு மலரில் 1565 ஆம் ஆண்டின் பிளெமிஷ் ஓவியம் ஒன்றுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். அதிலுள்ளது வேளாண்மை வெட்டு. வினாயகபுரத்துப் பிள்ளைகளுக்கு அது பழகிய காட்சி.

பீட்டர் புரூகல் வரைந்த அவ்வோவியத்தின் பெயர் ‘அறுவடை செய்வோர்’. ஆண்டின் பருவங்களைக் காட்டும் தொடரில் எஞ்சிய ஐந்தில் இது ஒன்று. மூன்று வியன்னாவிலும் ஒன்று செக் நாட்டிலும் உள்ளன. இது 1919 முதல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விளைந்த கோதுமை வயல். ஆண்கள் அரிகிறார்கள், பெண்கள் கதிரைக் கட்டாகக் கட்டிச் சுமக்கிறார்கள். மர நிழலில் ஆணும் பெண்ணும் ஒன்றாக இருந்து உண்கிறார்கள். ஒருவன் களைத்துக் கால் பரப்பித் தூங்குகிறான். அரசனோ புனிதரோ படத்தில் இல்லை. உழைப்பவரே நடுவில் இருக்கிறார்கள். அக்கால ஓவியத்தில் இது பெரிய மாற்றம்.

தொடரின் உரிமையாளர் அன்ட்வேர்ப் வணிகர் நிக்கலஸ் யொங்ஹெலிங். 1566 இல் இன்னொருவரின் கடனுக்குப் பிணையாகத் தம்மிடமிருந்த 16 புரூகல் ஓவியங்களை அவர் ஈடு வைத்தார். அந்தக் கடன் பத்திரத்தால்தான் இத்தொடரின் வரலாறு எமக்குத் தெரிகிறது.

எங்கள் அறுவடைக்கு அப்படி எந்த ஏடு உண்டு? வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964 இல் வெளிவந்தது. போடியார், முல்லைக்காரன், வட்டை விதானை, உப்பட்டி, சூடு என இப்பகுதி வயலுக்குத் தனிச் சொற்கள் உண்டு. களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்பார்கள். ஆனால் பெண்கள் களவெட்டிக்குள் போகக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. அதனால் அங்கு நடந்ததைச் சொன்னவர்கள் பெரும்பாலும் ஆண்களே. களை பிடுங்கிய, கதிர் பொறுக்கிய, நெல் அவித்துக் குற்றிய எங்கள் அம்மம்மாமாரின் பங்கு ஏட்டில் ஏறவில்லை.

இன்று வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கினால் சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. உப்பட்டியும் சூடும் போனபின் அந்தச் சொற்களும் போகும். எழுதப் படித்த முதல் தலைமுறைப் பெண்கள் நாம். நியூயோர்க்கில் வாழும் தோழியர் அந்த ஓவியத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஊரில் இருப்போர் வீட்டிலுள்ள மூத்த பெண்ணிடம் வயலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். அடுத்த மலருக்கு அதுவே வரலாறு.