பித்தளைப் பெட்டியிலே வந்த ஆறுதல்

முழங்கால் அளவு சேறு. தலைக்கு மேலே பனி. எதிரே முள்வேலி, அதற்கப்பால், தலையை நீட்டினால் சுட்டுவிடக் காத்திருக்கும் பகைவன். 1914 டிசம்பரில், பிரான்சு, பெல்ஜியம் நாட்டுப் பதுங்குகுழிகளிலே நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அரண்மனையின் பெயரால் ஒரு பரிசு வந்தது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் மகள், 17 வயது இளவரசி மேரி, பொதுமக்களிடம் நிதி திரட்டி அனுப்பிய பித்தளைப் பெட்டி!

பெட்டியோடு வந்தவை யாவை? ஒரு அவுன்சு புகையிலை, அதைப் பிடிக்கச் சுங்கான், 20 சிகரெட்டுகள், தீமூட்டும் கருவி, வாழ்த்து மடல், இளவரசியின் படம்.

சுங்கானை எள்ளி நகையாட நாம் முற்படவில்லை, தோழர்களே! விறைத்த விரல்களுக்கு அதன் சூடு இதமளித்தது. புகையின் நெடி, பிண நாற்றத்தைச் சற்றே மறைத்தது. புகையிலையை அடைத்து, பற்றவைத்து, அணையாமல் காத்த நேரமெல்லாம் அச்சத்தை மறந்திருந்த நேரம். நிகோட்டின் மூளையை எட்டச் சில நொடிகளே போதும். அது தரும் அமைதியில் ஒரு பங்கு, அதுவே மூட்டிவிட்ட வேட்கை தணிவதுதான் என்பதைப் பின்னாளில் மருத்துவம் விளக்கிற்று. நுரையீரல் புற்றுக்கும் புகைக்கும் உள்ள உறவை டால், ஹில் எனும் ஆய்வாளர்கள் 1950-இல் எடுத்துக்காட்டியபோது, அந்தச் சிப்பாய்களில் பிழைத்திருந்தோர் ஐம்பதைக் கடந்திருந்தனர்.

ஆறுதல் உண்மையே. அதைப் பங்கிட்ட முறை?

1914 செப்டம்பரில் மார்சேல் துறைமுகத்திலே இறங்கிய இந்தியப் படையும் அதே குளிரிலேதான் நின்றது. கூர்க்காக்களுக்கு வெள்ளையருக்குரிய பரிசே கிடைத்தது. சீக்கியருக்குப் புகையிலை ஆகாது. ஆகவே கற்கண்டும் மசாலாவும். அவர்தம் வழக்கத்தை மதித்தனர் என்றே கொள்வோம். ஏனைய இந்தியச் சிப்பாய்களுக்குச் சிகரெட்டு, கற்கண்டு, மசாலா, சுங்கான் இல்லை! அவர்களுக்கும் கீழே, 'பிஸ்தி' என்ற பெயரில் அடக்கப்பட்ட தண்ணீர் சுமப்போர் முதலான பணியாட்கள். அவர்களுக்குத் தகர டப்பியிலே மசாலாவும் ஒரு மடலும். பித்தளை அவர்கள் கைக்கு எட்டவில்லை. பரிசிலும் படிக்கட்டு!

குண்டு இந்தப் பேதம் பார்த்ததா? 1915 மார்ச்சில் நெவ் சாப்பல் போரிலே, இந்தியப் படைப்பிரிவில் மாண்டோரும் காயமுற்றோருமாக 4,000 பேருக்கு மேல்.

புகையிலை தீர்ந்த பெட்டிகளிலே சிப்பாய்கள் கடிதங்களையும் பொத்தான்களையும் போட்டு வைத்துக்கொண்டனர். அவற்றுட் சில இன்று இலண்டன் போர் அருங்காட்சியகத்திலே உள்ளன. தண்ணீர் சுமந்தவனின் தகர டப்பியைத்தான் தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது.