கமலைப் பையிலிருந்து சேஃப்டி ஷூ வரை: ஒரகடத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குச் சேர்றவங்க கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "காலைல ஆபீஸ்ல மீட்டிங். பதினோரு மணிக்கு லைன்ல நிக்கணும். மத்தியானம் யார்டுல லாரி பக்கம் போகணும். மூணுக்கும் ஒரே ஷூ போதுமா?"

கேள்வி சின்னதுதான். ஆனா பதில் தேடிப் போனா, அதுக்குள்ள மதராஸோட ஒரு நூற்றாண்டு வரலாறு சுருண்டு கிடக்கு. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்திருக்கிறேன். எதைப் பார்த்து வாங்கணும் என்பது பின்பாதியில் வரும். அவசரக்காரர்கள் நேரா அங்கே போகலாம். முன்பாதியையும் படிச்சா, கடைக்காரர் சொல்றதில் எது சரக்கு, எது அலங்காரம்னு பிரிச்சுப் பார்க்க முடியும்.

ஆபீஸுக்கு ஒண்ணு, வெளிவேலைக்கு வெறுங்கால்

நம்ம ஊர்ல காலணி என்பது பாதுகாப்புப் பொருளா இருந்ததை விட, யார் எங்கே நிற்கலாம் என்பதைச் சொல்ற அடையாளமா இருந்த காலம்தான் அதிகம். கம்பெனி ஆட்சியில் இந்தியர்கள் அரசு அலுவலகத்துக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் கழற்றணும் என்பது வழக்கம். 1854-ல், டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, ஐரோப்பிய பாணி பூட்ஸும் காலுறையும் போட்ட இந்தியர்கள் அதைக் கழற்றாமலே அரசு நிகழ்ச்சிகளுக்கு வரலாம் என்று சலுகை கொடுத்தார்கள். நாட்டுச் செருப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆக, ஆபீஸ் ஷூ என்பது தொடக்கத்தில் ஒரு நுழைவுச் சீட்டு.

ஊருக்குள்ளே கதை இன்னும் கொடுமை. ஆதிக்க சாதித் தெருக்களில் தலித் மக்கள் செருப்பு போட்டு நடக்கக்கூடாது என்ற தடை தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. தோலை உரிச்சு, பதப்படுத்தி, செருப்பு தைச்சுக் கொடுத்தவங்க காலில் செருப்பு இருக்கக்கூடாது! வயல், சாலை, கட்டடம் என்று வெளியில் உழைச்சவங்களுக்கு வெறுங்கால்தான் வேலைக்கால்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் "ரெண்டுக்கும் ஒரே பூட்ஸ்" என்ற எண்ணம் வேற வழியில் வந்தது. 1799-ல் திப்புவுக்கு எதிரான போருக்குப் போன ஆர்தர் வெல்லெஸ்லி, அதுக்கு முன்னாடி மதராஸ் கோட்டையில் தங்கியிருந்தவர். அவர் இருந்த வீடு இன்னைக்கும் கோட்டைக்குள்ளே வெல்லெஸ்லி ஹவுஸ் என்ற பெயரில் இருக்கு. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனார். லண்டனில் ஹோபி என்ற ஷூ தயாரிப்பாளரிடம் சொல்லி, அப்போதைய ஹெஸ்ஸியன் பூட்ஸைத் திருத்தச் சொன்னார். குஞ்சம் போச்சு, மெதுவான கன்றுத்தோல் வந்தது, பூட்ஸ் காலோடு ஒட்டியது. குதிரை மேலேயும் போடலாம், சாயங்கால விருந்துக்கும் போடலாம். அதுதான் முதல் வெலிங்டன் பூட்ஸ். ரப்பரில் வந்தது பிறகுதான்.

குரோம்பேட்டை வழியாக வந்த தோல்

தினமும் தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்திலிருந்து கம்பெனி பஸ் பிடித்து, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் போறவங்க நிறைய. அவங்க ஏறுற ஊரின் பெயரிலேயே அவங்க ஷூவின் தோல் இருக்கு.

மதராஸ் மாகாணத்தில் பழங்காலமா தோல் பதப்படுத்தியது ஆவாரம்பட்டையால். பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து தோலைக் கெடாமல் காக்கும். இந்தத் தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாச்சு. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்பகுதிக்கு இது அவ்வளவு தேவைப்பட்டதால், அரசே கொள்முதலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது.

நல்ல தோல்தான், ஆனா ஒரு குறை. தொடர்ந்து தண்ணியில் ஊறினா துவர்ப்பு கரைஞ்சு போய், தோல் விறைச்சு, அழுகிடும். அப்போ தண்ணியில் அதிகம் ஊறிய தோல் எது? பூட்ஸ் இல்லை. கிணத்துல மாடு கட்டி நீர் இறைக்கிற கமலையின் தோல் பை!

மதராஸ் கலைப்பள்ளியின் பொறுப்பில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் (அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே தொடங்கி வைத்தவரும் இவர்தான்) 1903 வாக்கில் குரோமிய உப்பால் தோல் பதப்படுத்தும் சோதனைகளைத் தொடங்கினார். அவர் மனசில் முதலில் இருந்தது விவசாயியின் கமலைப் பை. குரோம் தோல் தண்ணிக்கு அசையாது; ஒழுங்காப் பதப்படுத்தினா கொதிக்கிற தண்ணியில் போட்டாலும் சுருங்காது. பை நல்லா வந்ததும் செருப்பு, பூட்ஸ் என்று போனார்கள். 1912-ல் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரம் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனியால் வந்த பெயர்தான் குரோம்பேட்டை.

இன்னைக்கு நீங்க போடற சேஃப்டி ஷூவின் மேல்தோல் பெரும்பாலும் இந்த குரோம் தோல்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இதில் வளர்ந்தன. 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. இதுக்குப் பாலாறு கொடுத்த விலையையும் சொல்லணும். கழிவு நீர் ஆத்துலயும் நிலத்துலயும் கலந்து, கிணறுகள் கெட்டன. 1996-ல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்டணும் என்று தீர்ப்பு சொன்னது. கிணத்துக்காகத் தொடங்கின தோல் கடைசியில் கிணத்தையே கெடுத்தது.

தொழிற்சாலைத் தரை

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 1998-ல் கார் வெளிவந்தது. 2000-ல் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை, 2006-ல் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், பிறகு டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையா வந்தன. இந்த வரிசையைக் கவனிச்சா ஒண்ணு புரியும்: ஒவ்வொரு தொழிற்சாலையின் தரையும் வேற. கார் ஆலையில் கனமான பாகங்களும் எண்ணெயும், கண்ணாடி ஆலையில் சில்லு, எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் கண்ணுக்குத் தெரியாத நிலைமின்சாரம். "சேஃப்டி ஷூ" என்று ஒரே பெயர் சொன்னாலும் பொருள் ஒண்ணு இல்லை.

பழைய ஆபீஸ் – வெளிவேலைப் பிரிவும் இங்கேதான் முதன்முறையா உடைஞ்சது. மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போகணும்னா, மேலாளரோ, ஆடிட்டரோ, டிரெய்னியோ, எல்லாருக்கும் இரும்பு முனை வெச்ச ஷூதான். 1854-ல் ஆபீஸுக்குள் நுழைய பூட்ஸ் தேவைப்பட்டது. இன்னைக்கு ஆபீஸிலிருந்து வெளியே போகத் தேவைப்படுது.

சரி, எதைப் பார்த்து வாங்கறது?

*தர எண்.* ஷூவின் நாக்குப் பகுதியிலோ உள்பக்கத்திலோ ஐ.எஸ். 15298 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கணும். இது ஐ.எஸ்.ஓ. 20345 என்ற உலகத் தரத்தை ஒட்டியது. முனையில் உள்ள தொப்பி 200 ஜூல் மோதலைத் தாங்கணும், அதாவது சுமார் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழற அடி. கூடவே 15 கிலோநியூட்டன் அழுத்தம், கிட்டத்தட்ட ஒன்றரை டன். முனைத் தொப்பியே இல்லாத 'ஆக்குபேஷனல்' வகையும் விக்குது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். லைன்ல நிக்கிறவங்களுக்கு அது உதவாது.

*எஸ்1-ஆ, எஸ்3-ஆ?* எஸ்1 என்றால் மூடின குதிகால், நிலைமின்சாரத் தடுப்பு, குதிகாலில் அதிர்வு தாங்கும் அமைப்பு. எஸ்2-ல் மேல்தோல் தண்ணியைத் தடுக்கும் தன்மையும் சேரும். எஸ்3-ல் ஆணி குத்தாத நடுத்தகடும், பள்ளம் வெட்டின அடிப்பாகமும் சேரும். ஏ.சி. ஹாலும் ஆபீஸும் மட்டும்னா எஸ்1 போதும். ஐப்பசி மழையில் யார்டுல நடக்கணும், கட்டட வேலை பக்கம் போகணும்னா எஸ்3. மூணு இடத்துக்கும் ஒரே ஜோடி வேணும்னா, மோசமான இடத்தை அளவா வெச்சு எடுங்க. ஆபீஸ் தரை யார் காலையும் குத்தாது.

*மின்சாரம்.* இங்கேதான் பலர் குழம்பறாங்க. நிலைமின்சாரத் தடுப்பு ஷூ, உடம்பில் சேரும் மின்னூட்டத்தை மெதுவா தரைக்கு இறக்கும். அதன் மின்தடை ஒரு லட்சம் ஓமுக்கும் 100 கோடி ஓமுக்கும் இடையில் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் கேட்கிற ஈ.எஸ்.டி. ஷூவுக்கு வரம்பு இன்னும் இறுக்கம். எலக்ட்ரீஷியனுக்கு வேண்டியது இதுக்கு நேர்மாறு, மின்சாரத்தைக் கடத்தவே கூடாத ஷூ. ஒண்ணு இன்னொண்ணுக்குப் பதில் ஆகாது.

*முனை.* இரும்புத் தொப்பி மலிவு, உறுதி. கூட்டுப்பொருள் தொப்பி எடை குறைவு, கேட்ல மெட்டல் டிடெக்டர் கத்தாது. ரெண்டுக்கும் சோதனை அளவு ஒண்ணேதான்.

*தோற்றம்.* கணுக்காலுக்குக் கீழே நிற்கிற, கறுப்பு, டெர்பி வெட்டு ஷூ, பேன்ட் கீழே சாதாரண ஆபீஸ் ஷூ மாதிரியே தெரியும். ஏணி, குண்டும் குழியுமான தரை இருந்தா கணுக்கால் மூடற பூட்ஸ் நல்லது.

*அடிப்பாகம்.* விலை உயர்ந்த பூட்ஸில் 'குட்இயர் வெல்ட்' என்று எழுதியிருக்கும். ஒரகடத்தில் டயர் ஆலை இருக்கிறதால் டயர் கம்பெனி செஞ்சதுன்னு சிலர் நினைக்கறாங்க. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்க 1844-ல் காப்புரிமை வாங்கியவர் சார்லஸ் குட்இயர். அவர் மகன் 1870-களை ஒட்டி உருவாக்கிய தையல் இயந்திர முறைதான் இது. டயர் கம்பெனி 1898-ல் அவர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. இந்த முறையில் தைச்ச ஷூவுக்கு அடிப்பாகம் தேய்ஞ்சா பிரிச்சு வேற போடலாம். ஆனா எடையும் விலையும் கூட. நம்ம தொழிற்சாலைகளில் சாதாரணமாப் பார்க்கிறது, அச்சில் ஊற்றி ஒட்டின பி.யூ. அடிப்பாகம். லேசு, நாள் முழுக்க நிக்க வசதி, ஆனா மாத்த முடியாது.

பி.யூ.வுக்கு இன்னொரு குணம் இருக்கு. காற்றின் ஈரமே அதை உள்ளுக்குள் உடைக்கும். நீராற்பகுப்பு என்பார்கள். அதனால் அலமாரியில் பத்திரமா வெச்ச ஷூ, நாலைஞ்சு வருஷம் கழிச்சு எடுத்துப் போட்டா அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிரும். எப்போதாவது லைனுக்குப் போற ஆபீஸ்காரங்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும். ஷூவில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதம், வருஷத்தைப் பார்க்காமல் 'தள்ளுபடி சரக்கு' வாங்காதீங்க.

*அளவு.* சாயங்காலம், வேலைக்குப் போடற சாக்ஸோடு போட்டுப் பாருங்க. தோல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், முனைத் தொப்பி கொடுக்காது. முடிஞ்சா ரெண்டு ஜோடி வெச்சு மாத்தி மாத்திப் போடுங்க. வியர்வை காய ஒரு நாள் கிடைச்சா ரெண்டும் கூடுதல் நாள் வரும். நனைஞ்சா உள்ளே செய்தித்தாள் திணிச்சு நிழலில் காய வையுங்க.

காசு யாருடையது?

1948-ம் வருஷத்துப் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 114-வது பிரிவு சின்னதா இருந்தது. சட்டப்படி நிர்வாகம் தர வேண்டிய வசதிக்கோ உபகரணத்துக்கோ தொழிலாளியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று சொன்னது. 2020-ல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதையேதான் சொல்லுது: பணியிடப் பாதுகாப்புக்காகச் செய்யும் எதுக்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது.

வேலைக்கு அவசியமான ஷூவின் விலையை ஒப்பந்ததாரர் முதல் மாசச் சம்பளத்தில் பிடிச்சா, அதை "கம்பெனி ரூல்" என்று விட்டுடக் கூடாது. நிரந்தரத் தொழிலாளிக்கு எஸ்3-ம் கான்ட்ராக்ட் ஆளுக்கு முத்திரையே இல்லாததும் கொடுத்தாலும் இதே கேள்விதான். மேலே இருந்து விழற பாகம் அடையாள அட்டை நிறத்தைப் பார்த்து விழறதில்லை. செருப்பை வெச்சு ஆளைப் பிரிச்ச பழக்கம் வேற உடையில் திரும்பி வர்ற இடம் இது.

அதனால் புதுசா சேர்றவங்க ரெண்டு எழுத்தைப் படிங்க: ஷூ நாக்கில் இருக்கிற தர எண்ணும் தேதியும், சம்பளச் சீட்டில் இருக்கிற பிடித்தக் கணக்கும். முதலாவது சரியில்லைன்னா சேஃப்டி ஆபீஸரிடம் எழுதிக் கேளுங்க. ரெண்டாவதில் ஷூ இருந்தா, முதலில் எச்.ஆரிடம், அங்கே பதில் வரலைன்னா தொழிற்சாலை ஆய்வாளரிடம் கேளுங்க. தனியா கேட்கத் தயக்கமா இருந்தா, அதே பேட்ச்சில் சேர்ந்த நாலு பேரைச் சேர்த்துக்கிட்டுக் கேளுங்க.