கதிரியக்கமும் காரணகாரிய நியதியும்: வியன்னா அறிஞர்கள் முதல் ஆன்ஸ்கோம் வரை

இயற்கையில் நிகழும் ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய நிலையால் முழுமையாகத் தீர்மானிக்கப்படுகிறது என்னும் நியதிவாதத்துக்கு, நிகழ்தகவு குறித்து 1814இல் வெளியிட்ட நூலில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் தெளிவான வடிவம் தந்தார். ஒரு கணத்தில் உலகின் எல்லாப் பொருள்களின் நிலைகளையும் அவற்றை இயக்கும் விசைகளையும் அறியவல்ல பேரறிவு ஒன்று இருக்குமானால், அதற்கு இறந்தகாலமும் எதிர்காலமும் ஒருங்கே புலனாகும் என்றார் அவர். நிகழ்தகவு என்பது மனித அறியாமையின் அளவே அன்றி இயற்கையின் இயல்பு அன்று என்பது இதன் உட்பொருள். இந்நம்பிக்கையை ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே துல்லியமாக வரையறுக்க இயலாது என்று 1927இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் முன்வைத்த நிச்சயமின்மைக் கோட்பாடு திடீரெனத் தகர்த்தது என்று பொதுவாக எழுதப்படுகிறது. ஆயினும் விரிசல் அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, அணுக்கள் தாமாகவே சிதைந்து கதிர்களை வெளியிடும் கதிரியக்கம் பற்றிய ஆய்வில் தோன்றிவிட்டது.

மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில், தோரியத்திலிருந்து வெளிப்படும் வாயுவை ஆராய்ந்த இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு, அதன் கதிரியக்கம் ஏறத்தாழ ஒவ்வொரு நிமிடமும் பாதியாகக் குறைவதை 1900இல் கண்டார். ஒரு கதிரியக்கப் பொருளின் அணுக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் இக்காலமே அரை ஆயுட்காலம் எனப்படுகிறது. ரேடியத்துக்கு இது சுமார் 1600 ஆண்டுகள். இதில் வியப்புக்குரியது, அணுக்களுக்கு முதுமை இல்லை என்பதே. ஆயிரம் ஆண்டுகள் சிதையாமல் இருந்துவிட்ட ரேடிய அணு அடுத்த ஆண்டில் சிதைவதற்கான வாய்ப்பும், நேற்றுத் தோன்றிய அணு அவ்வாறு சிதைவதற்கான வாய்ப்பும் சமம். எல்லா வகையிலும் ஒத்த இரு அணுக்களுள் ஒன்று இன்று சிதைய, மற்றொன்று நூற்றாண்டுகள் கழித்துச் சிதைவதற்கான காரணத்தை எந்த ஆய்வகமும் கண்டுபிடிக்கவில்லை.

சிதைவு உண்மையிலேயே நிகழ்தகவு விதிக்கு உட்பட்டதாயின், அதன் வேகம் சீராக இராமல் சராசரியைச் சுற்றி ஏறியிறங்க வேண்டும் என்று 1905இல் வியன்னா இயற்பியலாளர் ஷ்வைட்லர் கணித்துக் காட்டினார். பின்வந்த சோதனைகள் அதை உறுதிசெய்தன. அவருடைய ஆசிரியரான ஃபிரான்ஸ் எக்ஸ்னர், 1908இல் வியன்னா பல்கலைக்கழகத் தலைவராகப் பொறுப்பேற்றபோது ஆற்றிய உரையில், எண்ணற்ற நிகழ்ச்சிகளின் சராசரியில் காணப்படும் ஒழுங்கைக் கொண்டு, அந்நிகழ்ச்சிகளுள் ஒவ்வொன்றும் தனித்தனியே கண்டிப்பான நியதிக்கு உட்பட்டது என முடிவுகட்ட இயலாது என்னும் கருத்துக்கு வழிவகுத்தார். வாயுக்களின் இயல்பைப் புள்ளியியல் வழியே விளக்கிய போல்ட்ஸ்மன்னின் மரபில் விளைந்த இச்சிந்தனை பெர்லினில் எதிர்ப்பைச் சந்தித்தது. கண்டிப்பான நியதி இல்லையேல் அறிவியலே இல்லை என்ற நிலைப்பாட்டைப் பிளாங்க் 1914இல் வலியுறுத்தினார். ஒளி உமிழ்வு பற்றிய தம் ஆய்வில் உமிழும் நேரத்தையும் திசையையும் தற்செயலுக்கு விட்டுவிட நேர்ந்ததைக் கோட்பாட்டின் குறையாகவே ஐன்ஸ்டைன் கருதினார். எக்ஸ்னரின் மாணவரான ஷ்ரோடிங்கரோ, 1922இல் சூரிச்சில் ஆற்றிய தொடக்க உரையில் தம் ஆசிரியரின் கருத்தை வெளிப்படையாக ஆதரித்தார். அணுவின் நுண் நிகழ்வுகளில் நியதியை எதிர்பார்ப்பது பழக்கத்தின் விளைவே என்பது அவர் வாதம். அணு உலகின் புதிய இயற்பியலான குவாண்டம் இயக்கவியல் பிறப்பதற்கு மூன்றாண்டுகள் முன்பே இவ்வாறு கூறும் துணிவு, உரிய அளவில் நினைவுகூரப்படவில்லை.

1926இல் மாக்ஸ் பார்ன், துகளின் நிலையை விவரிக்கும் குவாண்டம் அலைச்சார்பை நிகழ்தகவின் அளவாக விளக்கியதும், மறு ஆண்டு ஹைசன்பர்க்கின் கட்டுரை வந்ததும் பலரும் அறிந்தவை. ஆயினும் நியதிவாதத்துக்கு இசைவான மாற்று விளக்கத்தை 1952இல் டேவிட் போம் முன்வைத்ததால், அநியதியை, அதாவது நிகழ்வுகள் முன்கூட்டியே முழுமையாகத் தீர்மானிக்கப்படாமையை, இயற்பியல் ஐயமற நிறுவிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

மனித விருப்பத்தின் சுதந்திரத்தை, அதாவது பிறிதொன்றால் கட்டாயப்படுத்தப்படாமல் ஒருவர் தாமே தேர்ந்து செயற்படும் ஆற்றலை, அணுவின் அநியதியில் நிலைநாட்ட அறிவியலாளர்களான எடிங்டனும் பாஸ்குவல் யோர்தானும் முயன்றனர். இம்முயற்சி பொருந்தாது என்பதை 1951இல் வெளிவந்த நூலில் ஷ்ரோடிங்கரே எடுத்துரைத்தார். அநியதிக்கு முதலில் வாதாடியவர்களுள் ஒருவரே இவ்வாறு மறுத்தது கருதத்தக்கது. ரேடிய அணு சிதைவதைப் போலத் திடீரெனத் தோன்றும் ஒரு முடிவு, முடிவெடுப்பவரின் சிந்தனையிலிருந்தும் குணத்திலிருந்தும் பிறப்பதில்லை. ஆகவே அதற்கு அவரைப் பொறுப்பாக்கவும் முடியாது.

இவ்வரலாற்றின் பயன் வேறிடத்தில் உள்ளது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1971இல் தொடக்க உரையாற்றிய தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கோம், காரணம் என்பதையும் தவிர்க்கவியலாமை என்பதையும் பிரித்துக் காட்டினார். கதிரியக்கத்தை உணரும் கைகர் எண்ணியோடு ஒரு வெடிகுண்டை இணைத்து, எண்ணி குறித்த அளவைக் காட்டினால் குண்டு வெடிக்குமாறு அமைத்தால், அது வெடிக்குமா என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதன்று. ஆயினும் வெடித்துவிட்டால், அதற்குக் காரணம் அருகிலிருந்த கதிரியக்கப் பொருளே என்பதில் ஐயமில்லை. விளைவு காரணத்திலிருந்து பிறக்கிறது என்பதே காரணகாரியத் தொடர்பு. பிறந்தே தீரவேண்டும் என்பது அதன்மேல் ஏற்றப்பட்ட கூடுதல் நிபந்தனை. சுதந்திரத்தைப் பற்றி அவர் கொண்ட முடிவும் இதே நிதானம் உடையது: இயற்பியல் அநியதி சுதந்திரத்துக்கு இன்றியமையாதது, ஆனால் அது மட்டும் போதாது. இம்முடிவின் முற்பகுதியை நியதிவாதமும் சுதந்திரமும் முரணற்றவை எனக் கொள்வோர் இன்றளவும் மறுத்து வருகின்றனர். பிற்பகுதியை மறுப்பதற்கு வலுவான காரணம் ஏதுமில்லை.